எதிர்வீட்டு வாசலில் ஒரு பள்ளம்

தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். அதில் அகிலாண்டத்துக்கு மறுபேச்சே கிடையாது. மகள் ஜானுவுக்கு வளைகாப்பு முடிந்த கையோடு செல்லூருக்கு அழைத்து வந்துவிட்டாள். வந்த மறுவாரமே வீட்டுக் கக்கூஸ் அடைத்துக்கொண்டது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் ஒன்றரை வாளியாகத் திரும்பி வந்தது.

இந்த மாதிரிச் செய்திக்கு மட்டும் எப்படித்தான் கால் முளைக்கிறதோ! மறுநாளே திருப்பரங்குன்றத்திலிருந்து ஜானுவின் மாமியார் சொல்லி அனுப்பிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை வாரேன். அங்க வசதிப்படாட்டி புள்ளையக் கூட்டியாந்திர்றேன்." வசதி என்ற சொல்லைக் கேட்டு அகிலாண்டம் கொதித்துப்போனாள். கொதித்து என்ன செய்ய? வயிற்றுப் பிள்ளைக்காரியை வைகைக் கரைக்கா அனுப்ப முடியும்?

அவள் கணவர் சொக்கநாதன் நான்கு தறி வைத்து நடத்துகிறவர். யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு கம்பெனியைப் பிடித்துவிட்டார். கம்பெனி என்றதும் எங்கள் தெருவே ஜீப்பை எதிர்பார்த்தது. வந்தது ஒரு தள்ளுவண்டி. அதில் நீளநீளமாகக் கம்பிகள், மூங்கில் பிளாச்சு, கடப்பாரை, எல்லாவற்றுக்கும் மேலே 'முத்திருளன் டிரெயினேஜ் ஒர்க்ஸ்' என்று ஒரு தகரப் பலகை. முதலாளி, மேனேஜர், வேலையாள் எல்லாம் முத்திருளனே. கூட ஒரு மச்சினன்.

"வேப்பமரத்து வேருண்ணே. பாத்ததுமே சொல்லிருவேன்" என்று சொல்லிக் கொல்லையைத் தோண்டினான். வேரைக் காணோம். "அப்ப செங்கல்லு விழுந்திருக்கும்" என்று முற்றத்தைப் பெயர்த்தான். செங்கல்லும் இல்லை. மனுஷன் அசரவில்லை, பேச்சும் குறையவில்லை. சனிக்கிழமை சாயங்காலம், கம்பியோடு கம்பி மாட்டி உள்ளே விட்டுப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அடைப்பு வீட்டுக்குள்ளேயே இல்லை. தெருவில், எதிர்வீட்டு வாசலுக்கு நேரே, இந்த வீட்டுக் குழாய் பெரிய குழாயோடு சேர்கிற இடத்துக்குச் சற்று முன்னால் இருந்தது.

"அங்கனதான் வெட்டணும்க்கா. அந்த வீட்டுல ஒரு வார்த்த சொல்லிருங்க."

அகிலாண்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதிர்வீட்டுத் தங்கப்பொண்ணோடு அவளுக்குப் பேச்சு நின்று மாதக்கணக்கில் ஆகிறது. காரணம் தங்கப்பொண்ணின் பசு. எங்கள் தெருவில் விடிந்ததும் தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டிக் கஞ்சி போடுவோம். ஒருநாள் அந்தப் பசு கட்டை அறுத்துக்கொண்டு வந்து, சொக்கநாதனின் பாவுக்குள் புகுந்து நடந்துவிட்டது. பாவு நாசம். "மாட்டைக் கட்டிவைக்கத் துப்பில்ல" என்றாள் இவள். "தெரு என்ன உங்க அப்பன் வீட்டுதா?" என்றாள் அவள். அதன் பிறகு வாசல் தெளிப்பதுகூட ஒருத்தி உள்ளே போன பிறகு மற்றவள்தான்.

கடைசியில் சொக்கநாதன்தான் போய்க் கேட்டார். "வெட்டிக்கிருங்கண்ணே, இதுக்கெல்லாமா கேட்டுக்கிட்டு?" என்றாள் தங்கப்பொண்ணு.

ஞாயிறு காலையில் பள்ளம் வெட்டிக் குழாயைத் திறந்தார்கள். தெரு முழுக்கச் சுற்றி நின்றோம். கம்பியின் நுனியில் வெள்ளையாக, கொழகொழவென்று, அறுந்த நூலெல்லாம் சேர்ந்து உருண்ட கட்டி ஒன்று வந்தது. பின்னால் இன்னொன்று.

"என்னக்கா இது? கஞ்சியவா இதுல ஊத்துனீக?"

பாவுக்குப் போட்டு மிஞ்சுகிற கஞ்சி தினமும் தங்கப்பொண்ணின் பசுவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. சண்டைக்குப் பிறகு, அந்த மாட்டுக்கு ஒரு சொட்டுக் கிடைக்கக் கூடாது என்று அகிலாண்டம் சட்டி சட்டியாகக் குழாயில் கவிழ்த்திருக்கிறாள். திறந்த சாக்கடையாக இருந்தால் ஓடியிருக்கும். இது போன வருஷம் பதித்த மூடிய குழாய். முதலில் யாரோ களுக்கென்று சிரிக்க, அப்புறம் எங்களால் அடக்க முடியவில்லை.

அந்தச் சிரிப்புக்கு நடுவேதான் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஈரக் காலோடு ஜானு வெளியே வந்தாள். படியில் வழுக்கிவிடாமல் அவள் கையைப் பிடித்திருந்தாள் தங்கப்பொண்ணு.

"எப்பருந்துடி?" என்று கேட்டாள் அகிலாண்டம்.

"அடைச்ச அன்னைலருந்தும்மா. இந்த அத்தைதான் கூப்பிட்டாக. நீ சத்தம் போடுவேன்னு சொல்லல."

மகள் கொல்லைப் பக்கம் மறைவில் எப்படியோ சமாளித்துக்கொள்கிறாள் என்றுதான் அகிலாண்டம் நினைத்திருந்தாள். கேட்டுப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. அந்த இடத்திலேயே அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

அந்த நேரம் பார்த்துத்தான் சம்பந்தியம்மாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து சேர்ந்தாள். பள்ளத்தைப் பார்த்தாள். பெயர்த்துப்போட்ட முற்றத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்: "இத்தன நாளா புள்ள எங்க போய்ட்டு வந்தா?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நாங்களும் ஆமாம் போட்டிருப்போம்.

"எதிர்த்த வீட்டு மதினிதான் பாத்துக்கிட்டாக" என்றாள் அகிலாண்டம். "நான் அனுப்பல. எனக்கு இப்பத்தான் தெரியும்."

"அப்பறம் என்ன? நான் இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்" என்றாள் சம்பந்தி.

தங்கப்பொண்ணு பள்ளத்தின் மேல் போட்டிருந்த பலகையில் நடந்து இந்தப் பக்கம் வந்தாள். "அவ எங்கயும் வரமாட்டா, சம்பந்தியம்மா. இந்த வீடு அடைச்சா அந்த வீடு. ரெண்டும் அவ ஆத்தா வீடுதான். பேறுகாலம் இங்கனதான்."

சம்பந்தியம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பையைக் கீழே வைத்தாள். அகிலாண்டம் அந்த மண் குவியலிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். பக்கத்தில் தங்கப்பொண்ணும் உட்கார்ந்தாள்.

முத்திருளனுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. பள்ளத்துக்குள் நின்றபடி பதறிப்போய்ச் சொன்னான்: "அழுகாதீகக்கா. தண்ணி சல்லுன்னு போகுது பாருங்க. இனிமே அடைக்கவே அடைக்காது, நான் கியாரண்டி."