முன்வரிசையில் பழனியாத்தாள்

1

இந்தக் கதை '[சான்று தேவை]' என்ற இரண்டு சொற்களிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

பீளமேட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இணையக் கலைக்களஞ்சியத்தின் தமிழ்க் கட்டுரைகளைத் திருத்துவது என் பழக்கம். ஒரு நாள் சோமனூர் விசைத்தறித் தொழிலாளர் பேரணி பற்றிய கட்டுரை கண்ணில் பட்டது.* பதினொரு வரிகள், ஒரு புகைப்படம். படத்தின் கீழே இப்படி இருந்தது: 'கூலி உயர்வு கேட்டு கோவை ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்த பேரணி. முன்வரிசையில் பழனியாத்தாள்.'

பதாகையின் இடது முனையைப் பிடித்திருப்பவள் என் அம்மா. அம்மாவின் பெயர் அற்புதம்.

* தேடாதீர்கள், கிடைக்காது. இந்தக் கதைக்காக நானே ஆள் திரட்டி நடத்திய பேரணி அது. வெயில் மட்டும் உண்மை.

2

முதலில் கதையை இப்படித் தொடங்கினேன்: 'பனி விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் அவர்கள் நகரத்தை நோக்கி…'

(விட்டுவிட்டேன். நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் யார் நடந்தாலும் பனி விழுகிறது. இவர்கள் நடந்தது மே மாதம், அவிநாசி ரோட்டில்.)

அடுத்தது: 'அவள் கண்களில் ஒரு நெருப்பு…'

(படத்தில் அம்மா வெயிலுக்குக் கண்களை மூடியிருக்கிறாள்.)

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். பழனியாத்தாள் என்பதை அழித்து அற்புதம் என்று மாற்றிச் சேமித்தேன். பத்து நிமிடத்தில் பழையபடி ஆகிவிட்டது. மாற்றியவர் வம்சி என்ற பயனர். உரையாடல் பக்கத்தில் எழுதியிருந்தார்: 'அன்றைய நாளிதழில் பழனியாத்தாள் என்றே உள்ளது. வேறு சான்று உண்டா?'

'அது என் அம்மா' என்று எழுதினேன்.

'மகிழ்ச்சி. ஆனால் அம்மாக்களைச் சான்றாக ஏற்க முடியாதே. அவரது பேட்டி எங்காவது அச்சாகியிருந்தால் சொல்லுங்கள், நானே மாற்றுகிறேன்.'

(வம்சியை வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. அவர் சொல்வது சரி.)

சிற்றிதழ் நடத்தும் தோழி ஒருத்தி இருக்கிறாள். பேட்டி எடுத்துக் கொடுத்தால் போடுவாள். அன்று மாலையே அம்மாவிடம் போனேன்.

3

அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போனில் படத்தைக் காட்டினேன்.

"அட, எத்தன ஒல்லியா இருக்கறேன் பாரு!"

"கீழ பேரப் படிம்மா."

படித்தாள். உரித்த வெங்காயத்தை உரிக்காததோடு போட்டாள்.

"இது இன்னும் இருக்குதா?"

பிறகு மெதுவாகச் சொன்னாள். "பேப்பர்காரரு நோட்ட வச்சுக்கிட்டு வந்து பேரு கேட்டாரு. எம் பேரு வந்தா மொதலாளி நிறுத்திப்போடுவாரு. அக்கா பேரு வாயில வந்துருச்சு. அவதான் நடக்கவே வரலியே, அவளுக்கு என்ன ஆகப்போகுதுன்னு நெனச்சேன்."

பழனியாத்தாள் அப்போது எங்களுக்குப் பக்கத்து வீடு. உடன்பிறந்தவள் இல்லை, ஆனால் அம்மாவுக்கு அக்கா, எனக்குப் பெரியம்மா. அன்று எனக்கு ஒன்றரை வயது, காய்ச்சல். அம்மா தன் முதலாளியிடம் குழந்தையைக் காரணம் சொல்லிவிட்டு நடக்கப் போனாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெரியம்மா தன் தறிக்கு லீவு போட்டாள். காரணம் சொல்லவில்லை. மறுநாள் நாளிதழில் பெயர் மட்டும் வந்தது. (இந்தப் படம் வெகுநாள் கழித்துச் சங்கத்தின் ஆண்டுமலரில் வந்தது. மலர்க்காரர்கள் பெயரை நாளிதழிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.) பெரியம்மாவின் முதலாளி நாளிதழையும் ஓடாமல் நின்ற தறியையும் சேர்த்துப் பார்த்தார். இனி வர வேண்டாம் என்றார்.

"அவங்ககிட்டச் சொன்னியா?"

"எப்புடிச் சொல்றது? அந்த மாசமே பெருந்துறைக்குக் குடி போயிட்டா, கம்பெனி வேலைக்கு. வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு முறுக்கு சுட்டுக் கொண்டுட்டுப் போறனல்ல? பஸ்ல போறப்பெல்லாம் இன்னைக்குச் சொல்லிப்போடோணும்னு நெனப்பேன். முறுக்கக் குடுத்துப்போட்டு வந்துருவேன்."

பேட்டி வேண்டாம் என்றாள். "நாஞ் சொன்னேன்னு அவளுக்குத் தெரியக் கூடாது கண்ணு. நீயும் வாயத் தொறக்கக் கூடாது. எங்கிட்டச் சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

4

ஞாயிற்றுக்கிழமை பெருந்துறைக்குப் பஸ் ஏறினேன். படத்தை மட்டும் காட்டுவேன், எதுவும் சொல்ல மாட்டேன் என்று எனக்கே ஒரு சமாதானம்.

(இங்கே பெரியம்மாவைப் படுக்கையில் கிடத்தி, ஜன்னலில் மங்கிய ஒளியும் வைத்திருந்தேன். நாவல்களில் ரகசியங்கள் அப்படித்தான் வெளிவரும். ஆனால் கதவைத் திறந்தவள் கையில் விளக்குமாறு இருந்தது.)

"வா அம்மணி! என்ன இப்புடி எளச்சுப் போயிட்ட, அந்த ஆபீசுல சோறு போடறதில்லியா? அம்மா வரலியா?"

படத்தைக் காட்டினேன். போனைக் கிட்டே பிடித்தாள், தள்ளிப் பிடித்தாள்.

"பொடவை என்னுது!"

"என்னங்க பெரியம்மா?"

"மஞ்சக் கரை போட்டது. கலெக்டர் ஆபீசுக்குப் போறேன், நல்லதா ஒண்ணு குடு அக்கான்னு வாங்கிக் கட்டிட்டுப் போனா. இன்னும் திருப்பிக் குடுக்கல, பாத்துக்க." சிரித்தாள்.

"கீழ உங்க பேரு போட்டிருக்குங்க."

"போட்டிருப்பாங்க. எம் பேர வேற எவ சொல்லியிருப்பா? பேப்பர் வந்தன்னைக்கே தெரியும்."

"ஏனுங்க கேக்கல?"

"கேட்டா அவ ஒடஞ்சு போயிருவா கண்ணு. கேக்காம இருந்தா முறுக்காச்சும் வருதில்ல."

பேரை மாற்றட்டுமா என்று கேட்டேன். விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"நான் ரோட்டுல நடக்கல. ஊட்டுக்குள்ளதான் நடந்தேன். எறக்கி உட்டா நீ அழுவ. காலைலருந்து பொழுது உழுகற வரைக்கும் உன்னையத் தூக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தேன். அதச் சேத்துனா கோயமுத்தூரே வந்திருக்கும்." பிறகு, "உன்ற இஷ்டம். எனக்குத் தெரியும்ங்கறத மட்டும் அவகிட்டச் சொல்லிப்போடாத. கையடிச்சுக் குடு."

கொடுத்தேன்.

5

அற்புதம் என்று மாற்றினால் கட்டுரை சரியாகிவிடும். அப்படியே விட்டால் பொய்யான ஒரு பெயர் நிற்கும். ஆனால் அந்த நடைக்காக வேலையைப் பறிகொடுத்தது அந்தப் பெயர்க்காரிதான். இரண்டையும் போட்டுப் பார்த்தேன்: 'முன்வரிசையில் அற்புதம். அன்று அவருடைய குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தவர் பழ…'

(சான்று? அந்த நடைக்கு ஒரே சாட்சி நான். எனக்குக் காய்ச்சல்.)

தொகுப்புப் பெட்டி இன்னும் திறந்தே இருக்கிறது. கட்டுரை எப்படியும் போகட்டும். அந்த முறுக்கு டப்பாதான் என்னைத் தூங்கவிடவில்லை. இன்னும் எத்தனை டிசம்பர்களுக்கு அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தபடி போவாள்? யாருக்குத் தெரியக் கூடாது என்று பயப்படுகிறாளோ, அந்தப் பெரியம்மா எல்லாம் தெரிந்து வாசலில் காத்திருக்கிறாள். நடுவில் இருக்கும் நான் இருவருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

(பேரணி கற்பனை என்று சொன்னேன். அம்மாவைப் பற்றி அப்படி எதுவும் சொல்லவில்லை.)

டிசம்பர் இருபத்தாறாம் தேதி காலையில், கோவையிலிருந்து ஈரோடு போகும் பஸ்ஸில் நீங்கள் ஏறினால், கருமத்தம்பட்டியில் ஓர் அம்மா ஏறுவாள். கையில் எவர்சில்வர் டப்பா இருக்கும். பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் உட்காருங்கள். பெருந்துறை வர ஒரு மணி நேரமாவது ஆகும்.

நீங்கள் யாருக்கும் சத்தியம் பண்ணவில்லை.