முப்பத்தொரு வெள்ளைக் கல்

ஒன்பது வருடமாக ஊர் அவளை முட்டைக்காரி என்றுதான் கூப்பிட்டது. தொழில் என்னவோ தையல். கடைத்தெருக் கோடியில், ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஒரு மெஷினும் இஸ்திரிப்பெட்டியும் ஒரு ஆள் நிற்க இடமும் உள்ள கடை. ஆனால் விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போய், ஆலாப் பறவைகள் சரளை மேல் இட்டு வைத்திருக்கும் முட்டைகளை எண்ணி எழுதிக்கொண்டு வருகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

வீட்டில் அதற்கு மேல். "இன்னிக்கு அடைகாக்கப் போறியா, இல்ல நீயே இடப் போறியா?" என்று நாத்தனார் கேட்பாள். பிள்ளையில்லாத வீட்டில் அந்தச் சொல் எங்கே போய்த் தைக்கும் என்று தெரிந்தேதான் கேட்பாள். புருஷன் என்ற மகானுபாவன் அதற்குச் சிரிப்பான். சிரித்துவிட்டு, "விடு, பைத்தியத்தோட என்ன பேச்சு" என்பான்.

அவளுக்குத் துணை ஒரே ஒருவர், கறிக்கடைக்காரர். காலையில் வெட்டுகிறார், மாலையில் காப்பாற்றுகிறார் என்று அவரையும் கேலி செய்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் சர்க்கரை வியாதி அவர் கண்ணைப் பறித்துக்கொண்டது. கடை மருமகன் கைக்குப் போனது. ஏரிக்கரையை மட்டும் அவர் விடவில்லை. விடிகாலை அவள் முறை, மாலை அவர் முறை. தடியை ஊன்றிக்கொண்டு கரையோரம் நடப்பார். "நிம்மதியா கத்துதா, பதறிக் கத்துதான்னு தெரிய எனக்குக் கண்ணு எதுக்கு?" என்பார்.

ஆலா கூடு கட்டாது. வெறும் சரளையில் ஒரு குழி, அதில் மூன்று முட்டை, அதுவும் சரளையின் நிறத்திலேயே. பார்த்து நடந்தாலும் மிதித்துவிடுவோம். அதனால் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு சாண் தள்ளி, வெள்ளைப் பெயின்ட் அடித்த ஒரு கல்லை அவர்கள் வைத்தார்கள். கல் எதற்கென்று யாரிடமும் மூச்சு விடுவதில்லை. ஒரு வருடம் 'இங்கே முட்டைகள் உள்ளன' என்று பலகை நட்டுப் பார்த்தார்கள். இரண்டே நாளில் திருட்டுப் பயல்கள் பையோடு வந்து வழித்துக்கொண்டு போனார்கள். அன்றோடு வாய்க்குப் பூட்டு.

இந்த நிலையில்தான் நகராட்சியின் பசுமைப் பிரிவு அதிகாரி தையல் கடைக்கு வந்தார். இயற்கையைக் காக்கும் தன்னார்வலர்களுக்கு விருதாம். அவளுக்கும் கறிக்கடைக்காரருக்கும் ஆளுக்கொரு கேடயமாம். விழாவை மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாமா, ஏரிக்கரையிலா என்று கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. கரையிலேயே என்றாள்.

கறிக்கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை. "இன்னும் நாலு நாள்ல பொரிக்கிற முட்டை தங்கச்சி. முப்பத்தொரு குழி. இந்த நேரத்துல கூட்டம் எதுக்கு?"

"மேல புல்தரையிலதானே அண்ணே. சரளைக்கு இருநூறடி தள்ளி."

"அப்ப கூடாரம் போடுறவங்க வர்றப்ப நீ அங்க நிக்கணும். இடத்தைக் காட்டணும். எனக்குக் கண்ணு இல்ல."

"நிக்கிறேண்ணே."

சத்தியம் செய்யாத குறை. மண்டபம் வேண்டாம் என்றதன் காரணத்தை மட்டும் அவள் சொல்லவில்லை. தலைக்கு மேல் நூறு சிறகு வட்டமடிக்க, கீழே அவள் நிற்க, அதைப் புருஷனும் நாத்தனாரும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஆசை யாரை விட்டது?

விழா நாள் விடிகாலையில் அவள் கரையில் இல்லை. மெஷினில் இருந்தாள். தனக்கென்று தைத்த புது உடுப்பின் கழுத்து உட்காரவில்லை. பிரித்தாள், தைத்தாள், மறுபடி பிரித்தாள். ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைத்தவளுக்குத் தன் கழுத்தளவு தவறிப்போனது. மணி எட்டானது. புல்தரை என்று சொல்லியாகிவிட்டதே, அவர்களுக்குத் தெரியாதா என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். உடுத்திக்கொண்டு வெளியே வந்தபோது புருஷன் ஏற இறங்கப் பார்த்து, "நல்லாயிருக்கு" என்றான். கல்யாணமான நாளிலிருந்து வராத சொல். அந்த ஒரு சொல்லுக்கு அவள் ஏரியையே விற்றிருப்பாள், பாவி.

பத்து மணிக்குக் குடும்பத்தோடு போய் இறங்கினாள். புல்தரை காலியாகக் கிடந்தது. கூடாரம் கீழே, சரளை மேல் நின்றது.

கூடாரக்காரர்களின் மேஸ்திரி அவளை அடையாளம் கண்டு ஓடி வந்தான். "ரொம்ப நன்றிம்மா. ராத்திரியே யாரோ வெள்ளைக் கல்லு வச்சுக் குறிச்சிருந்தீங்க. எங்க வேலைல வெள்ளைக் குறி இருந்தா அங்க கூடாரக் குழாயை இறக்கிடுவோம், கேள்வியே கிடையாது. குறிச்ச ஆளுதான் மடையன் போல, கோணலும் மாணலுமா வச்சிருந்தான். நாங்க மண்வெட்டியால இழுத்துச் சமப்படுத்தி விரிப்பு போட்டுட்டோம். இந்தக் குருவிங்க தொல்லைதான் தாங்கல, தலையிலயே கொத்துது. சாக்கைப் போர்த்திக்கிட்டு வேலை பார்த்தோம்."

சிவப்பு விரிப்பின் ஓரம் ஈரமாக இருந்தது. அவள் செருப்பு முனையில் ஓட்டுத்துண்டு ஒன்று ஒட்டியது. அதோடு கூடவே ஒரு சிறிய கால். அலற வேண்டும் என்று வாயைத் திறந்தாள். பின்னாலிருந்து நாத்தனார், "அண்ணி, மேடையில உங்க நாற்காலி எது?" என்று கேட்டாள். அண்ணி. பைத்தியம் இல்லை, முட்டைக்காரி இல்லை. அவள் வாயை மூடிக்கொண்டு மேடைக்குப் போனாள். மேடை என்றால் பலகை இல்லை, சரளை மேலேயே விரித்த சிவப்பு விரிப்பும் நாற்காலிகளும்தான்.

மேலே ஆலாக்கள் வெறி பிடித்துச் சுற்றின. அதிகாரி ஒலிபெருக்கியில், "பாருங்க, பறவைகளே வாழ்த்த வந்திருக்கு" என்றார். கூட்டம் கைதட்டியது. முதல் வரிசையில் புருஷன் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "என் சம்சாரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மருமகன் கையைப் பிடித்து வந்த கறிக்கடைக்காரர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தை மேலே தூக்கி ஆலாக்கள் கத்துவதைக் கேட்டார்.

"காலையில நின்னியா தங்கச்சி?"

"நின்னேண்ணே."

"எங்க போட்டிருக்காங்க?"

"புல்லு மேலதாண்ணே. கூட்டத்தைப் பார்த்துக் கத்துது."

அவர் செருப்பைக் கழற்றினார். வெறுங்காலை விரிப்புக்கு வெளியே நீட்டித் தரையைத் தடவினார். சரளை நறநறவென்றது. பாதம் ஒரு இடத்தில் நின்றது. பிறகு காலை இழுத்துக்கொண்டு, ஈரத்தைத் துடைக்காமலே செருப்புக்குள் நுழைத்தார்.

அதிகாரி கேடயத்தைக் கொடுத்துவிட்டு ஒலிபெருக்கியை அவளிடம் நீட்டினார். "சொல்லுங்கம்மா, இந்த வருஷம் எத்தனை கூடு?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் இவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான், கேலியே இல்லாமல்.

"முப்பத்தொன்னு" என்றாள். கூடாரம் அதிரக் கைதட்டினார்கள்.

அடுத்தது கறிக்கடைக்காரர். மருமகன் தாங்க எழுந்து நின்றார். கேடயத்தை வாங்கவில்லை.

"எனக்கு வேணாம்ங்க. இதையும் அந்தம்மாவுக்கே குடுத்துடுங்க. இன்னிக்கு இங்க நடந்ததெல்லாம் அந்தம்மா ஒருத்தியால நடந்ததுதான்."

கூட்டமே எழுந்து நின்றது. "என்ன பெருந்தன்மை" என்று அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோருக்கும் முன்னால் எழுந்து கைதட்டியவன் அவள் புருஷன்தான். கறிக்கடைக்காரர் அவள் பக்கம் திரும்பாமல் மருமகனோடு கூடாரத்தை விட்டுப் போனார்.

படம் பிடிப்பவர் இரண்டு கேடயத்தையும் மேலே தூக்கச் சொன்னார். அவள் தூக்கினாள். கொஞ்சம் சிரிங்கம்மா என்றார். அதையும் செய்தாள்.