வியாழக்கிழமை வரைக்கும் சண்டை

"ரெண்டு பேரும் வியாழக்கிழமை வரைக்கும் பேசிக்கக் கூடாது" என்று ஏழாம் வகுப்பு வாசலில் நின்று தலைமையாசிரியர் பூபாலன் சொன்னபோது, ரஞ்சிதாவும் ஜன்னாவும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே தலையாட்டினார்கள்.

புதுப்பட்டினத்தின் அந்த நடுநிலைப் பள்ளியில் மாதம் ஒரு பண்பைப் பாடத்தோடு கலந்து கற்பித்தார்கள். ஜூனில் நேரந்தவறாமை, தொடக்க விழாவுக்குத் தலைமையாசிரியர் வந்து சேர்வதற்குள் பிரேயர் முடிந்துவிட்டது. ஜூலையில் சிக்கனம், அதற்கு அடித்த பேனர் பள்ளிச் சுவரில் கொள்ளாமல் பக்கத்து வீட்டு மாடிவரை போனது. ஆகஸ்டில் மன்னிப்பு. வியாழக்கிழமை மேலதிகாரி பார்வையிட வரும்போது, நிஜமான ஒரு சண்டை அவர் கண்முன்னால் சமாதானமாக வேண்டும் என்பது பூபாலனின் யோசனை. எட்டாம் வகுப்பில் அடித்துக்கொண்ட பையன்கள் மறுநாளே ஒரே சைக்கிளில் வந்து காரியத்தைக் கெடுத்தார்கள். ஆறாம் வகுப்பில் நடிக்க வைத்துப் பார்த்தால் சிரித்துவிட்டார்கள். மிஞ்சியது இவர்கள்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கோகோ அணிக்கு ஆள் எடுத்தபோது ஜன்னா ரஞ்சிதாவை விட்டுவிட்டாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

"நல்ல சண்டை டீச்சர். பத்திரமா பாத்துக்கோங்க" என்று வகுப்பாசிரியை ஷஃபானாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஜன்னா ஆசிரியர் அறைக் கதவோரம் வந்து நின்றாள்.

"டீச்சர், அவகிட்ட சாரி சொல்லிடவா? மதியானம் தனியா குந்திகினு சாப்புடறா. பாக்கவே பேஜாரா கீது."

சொல்லிவிடு என்று ஷஃபானா வாயெடுத்தாள். அடுத்த அறையில் பூபாலன் போனில், "எல்லாமே லைவ்வா காட்றோம் சார்" என்று உறுதி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளுதானம்மா. பொறுத்துக்கோ."

வியாழக்கிழமை அதிகாரி வரவில்லை. வேறெங்கோ அவருக்குச் சால்வை காத்திருந்ததாம். அடுத்த வாரம் என்றார்கள். அதற்குள் வகுப்பு இரண்டாகிவிட்டது. கடைத்தெருப் பிள்ளைகள் ஜன்னா பக்கமும், சதுரங்கப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள் ரஞ்சிதா பக்கமும் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கோகோவை யாரும் பேசவில்லை. எந்தத் தெரு, எந்த ஆளுங்க என்று வேறு பேச்சுகள் வர ஆரம்பித்திருந்தன. ஷஃபானா ரஞ்சிதாவைத் தனியே கூப்பிட்டாள்.

"இப்பவே போய் அவகிட்ட பேசுடி. சார்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"வேணாம் டீச்சர்" என்றாள் ரஞ்சிதா. "இப்ப பழகிடுச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஷஃபானாவுக்கு இருந்தது.

அதிகாரி வந்தார். பூபாலன் எழுதிக் கொடுத்தபடி, "தோழியே, மன்னிப்பு மனிதகுலத்தின் மகுடம்" என்று ரஞ்சிதா மைக்கில் சொன்னாள். "உன் பெருந்தன்மைக்குத் தலைவணங்குகிறேன்" என்றாள் ஜன்னா. கை குலுக்கினார்கள். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார், வியர்வையாகவும் இருக்கலாம். போட்டோவில் அவர் முகம் விழாததால் இன்னொரு தரம் குலுக்கினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு, குழாயடியில் ஆளுக்கொரு மூலையில் நின்றிருந்தவர்களிடம் ஷஃபானா போனாள்.

"தப்பு என்னோடதுதான். அன்னிக்கே உங்கள பேச வுட்டிருக்கணும். சார் என்னா சொல்வாரோன்னு பயந்துட்டேன். என்ன மன்னிச்சிடுங்க."

டீச்சர் ஒருவர் இப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. ரஞ்சிதா திகைத்துப்போய் ஜன்னாவைப் பார்த்தாள்.

"இன்னாடி சொல்றது இவங்ககிட்ட?"

"மகுடம் கிகுடம்னு ஆரமிச்சிடாத" என்றாள் ஜன்னா. கொஞ்சம் யோசித்தாள். "இவங்ககூட கா வுட்டுடலாம்."

இரண்டு சுண்டுவிரல்கள் ஷஃபானாவை நோக்கி நீண்டன. அவள் மறுக்காமல் தன் விரலால் இரண்டையும் தொட்டுக் காவை வாங்கிக்கொண்டாள்.

"எதுவரைக்கும்?"

"பாக்கலாம் டீச்சர்."

பள்ளி விட்டதும் இருவரும் ஒரே சந்தில்தான் போனார்கள். நடுவில் இன்னொருத்தி நடக்கும் அளவுக்கு இடம் இருந்தது. எதிரே மீன் பெட்டி கட்டிய மொபெட் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வர, வழிவிட ரஞ்சிதா ஜன்னாவின் பக்கம் ஒதுங்கினாள். மொபெட் போய்விட்டது. தெருமுனை திரும்பும் வரை அவள் பழைய ஓரத்துக்குப் போகவில்லை.