எட்வர்டியன் குளம்

ஹெல்ம்ஷா நகராட்சி நீச்சல்குளத்தை விற்கப்போகிறார்கள் என்றதும் மாரீன் க்ராப்ட்ரி முதலில் நம்பவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் அந்தப் பச்சை டைல்ஸ் பதித்த தொட்டியில் நீந்தக் கற்றுக்கொடுத்தவள். நம்பியதும் சட்டத்தைத் தேடினாள். எட்வர்டியன் காலப் பொதுக்கட்டடங்களை வேறு உபயோகத்துக்கு மாற்றக்கூடாது என்று நகராட்சி விதியே இருந்தது.

"அப்புறம் என்ன? ஜெயிச்சாச்சு!" என்று கணவன் கிளிஃபிடம் சொன்னாள்.

நகராட்சிக் குழுவின் விசாரணை நாளில், குளத்தை வாங்கவிருந்த கட்டட நிறுவனத்தின் வக்கீல் ஹேஸ்லம் எழுந்தார். குரலில் அவசரமே இல்லை.

"எட்வர்டியன்னா எட்வர்டு ராஜா ஆண்ட காலம். அவர் 1910 மே மாசம் காலமானார். குளம் திறந்தது 1911ல. அப்ப ஜார்ஜ் ராஜா வந்தாச்சு."

"ராஜா செத்த மறுநாளே கொத்தனாருங்க எல்லாம் புதுசா கட்டக் கத்துக்கிட்டாங்களா?" மாரீன் கேட்டாள். "முதல் உலகப்போர் வரைக்கும் கட்டினதைக்கூட அப்படித்தான் சார் சொல்றாங்க. அது அந்தக் காலத்து பாணி."

"பாணின்னு விதியில இல்லையே, மேடம். காலம்னுதான் இருக்கு."

குழுத் தலைவி தலையைச் சொறிந்தாள். "அப்ப இதை என்னன்னு சொல்றது? ஜார்ஜியனா?"

"அது வேற ஜார்ஜுங்க, மேடம்," என்றார் ஹேஸ்லம். "இவருக்கு எண்பது வருஷத்துக்கு முந்தினவங்க. இந்த ஜார்ஜ் காலத்துக்குப் பேரே கிடையாது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பேரில்லாத காலத்துக் கட்டடத்துக்குப் பாதுகாப்பும் இல்லை! மாரீனுக்கு முகம் சிவந்துவிட்டது.

விசாரணையைத் தள்ளிவைத்தார்கள். மறுநாளே அவள் கிளிஃபை இழுத்துக்கொண்டு குளத்துக்குப் போனாள். பின்பக்கச் சுவரை மூடியிருந்த ஐவிக்கொடியை இருவரும் பிய்த்து எறிந்தார்கள். அடிக்கல் தெரிந்தது: மார்ச் 1910. ராஜா உயிரோடு இருந்த மாதம். கை முழுக்க கீறல், ஆனாலும் அவள் துள்ளினாள்.

அடுத்த விசாரணையில் புகைப்படத்தை மேசைமேல் போட்டாள். ஹேஸ்லம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பார்த்தார்.

"கல்லு எட்வர்டியன்தான். ஒத்துக்கறேன். கட்டடம்தான் இல்ல."

"என்ன சார் விளையாடறீங்களா?"

"அடிக்கல்லுல யாரும் நீந்த முடியாது, மேடம். முடிஞ்ச தேதிதான் கணக்கு."

வாக்கெடுத்தார்கள். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஹேஸ்லம் ஜெயித்தார். மாரீனுக்கு எதிராகக் கைதூக்கியவர்களில் இருவர் அவளிடமே நீந்தக் கற்றவர்கள். வெளியே வரும்போது அவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார்கள்.

"விடு மாரீன், வார்த்தைதானே," என்றான் கிளிஃப்.

"வார்த்தையாலதான்யா தோத்தேன்!"

அடுத்த வசந்தத்தில் தண்ணீரை வடித்துவிட்டார்கள். வாசலில் பெரிய பலகை முளைத்தது. கடைக்குப் போகிற வழியில் அதைப் படித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். 'அற்புதமான எட்வர்டியன் கட்டடத்தில் சொகுசு வீடுகள்.'

நேராக விற்பனை அறைக்குள் நுழைந்தாள். மேசையில் இருந்த பெண் எழுந்து நின்று வரவேற்றாள்.

"வாங்க மேடம். வீடு பாக்கறீங்களா?"

"இது எட்வர்டியன் கட்டடமா?"

"ஆமா மேடம்! அந்த டைல்ஸ் பாருங்க. இப்பல்லாம் யாரு இப்படிப் போடறா? எட்வர்டியன்னு சொன்னாலே ஆளுங்க ஓடி வராங்க."

"ராஜா எப்ப செத்தார்னு தெரியுமா?"

அந்தப் பெண் புன்னகையோடு விலைப்பட்டியலை எடுத்து நீட்டினாள். பாவம், அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

நகராட்சிக்குத் தொலைபேசினாள். மூன்று பேர் மாறி மாறிப் பேசினார்கள். கடைசியாக ஒருவர் விளக்கினார்: "விளம்பரத்துல என்ன எழுதறாங்கங்கறது எங்க இலாகா இல்லீங்க. பொதுவா எல்லாரும் அந்தக் கட்டடத்தை எட்வர்டியன்னுதானே சொல்றாங்க?"

"அதைத்தானே நான் அன்னிக்கே சொன்னேன்!" என்று அவள் கத்தினாள்.

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

மாரீன் தொலைபேசியைத் தூக்கிச் சோபாவில் எறிந்தாள். கிளிஃப் தேநீர் கொண்டுவந்து வைத்தான். ஆறும்வரை அவள் அதைத் தொடவே இல்லை.