மூன்றரை ரொட்டி

…கணிதம் என்பது மனித மனம் எழுப்பிய மாளிகைகளிலேயே பொய்க்கு இடமில்லாத ஒரே மாளிகை, அதன் வாசலில் காவல் நிற்பது சிலருக்கு மட்டுமே வாய்க்கும் தவம், அந்தச் சிலரில் நானும் ஒருவன் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே என் கால்சட்டை பெஞ்சின் ஆணியில் மாட்டிக்கொண்டது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கான பெஞ்சு, முழங்கால் இரண்டும் மோவாயை விசாரிக்க வருகின்றன, எழுந்தால் கிழியும், எழாவிட்டால் கால் மரத்துப்போகும். ஒரு கணிதப் பேராசிரியனை இந்தக் கதிக்குக் கொண்டுவந்த ஏற்பாட்டுக்குப் பெயர் இருதுறைக் கூட்டுப் பயிற்சி. கல்வியியல் துறையும் கணிதத் துறையும் கைகோத்து நாளைய ஆசிரியர்களை உருவாக்குகின்றனவாம்… கைகோக்கலாமா என்று எங்களை யார் கேட்டார்கள், பிடித்து இழுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். முன்பு என்ன கெட்டுப்போயிற்று? ஆசிரியராகப் போகிற அந்தப் பிள்ளைகள் காலையில் மாடி ஏறி எங்களிடம் கணிதம் கேட்பார்கள், புரியாது, மத்தியானம் இறங்கிப்போய், புரியவைப்பது எப்படி என்று கல்வியியல் பக்கத்தில் கேட்டுக்கொள்வார்கள், எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

பக்கத்துப் பெஞ்சில் அந்த அம்மா, கல்வியியல் துறைத் தலைவி, என்னமோ பிறந்ததிலிருந்து பெஞ்சில்தான் வாழ்ந்தவர் போல வசதியாக உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஓய்வறையில் அவருக்கு வட்டமேசை என்று பெயர், எங்கே போனாலும் நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்வார், முதல் கூட்டத்திலேயே என்னை வட்டத்தில் உட்காரவைத்து, கையில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளைக் கொடுத்து, உங்க எதிர்பார்ப்பை எழுதுங்க சார் என்றார். சீக்கிரம் முடியணும் என்று எழுதினேன். அதையும் சுவரில் ஒட்டினார். அந்தப் பக்கத்தில் எனக்குக் கல்வெட்டு என்று பெயராம், பலகைப் பக்கம் திரும்பினால் மணி அடிக்கும்வரை இந்தப் பக்கம் திரும்பமாட்டேனாம், நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பெஞ்சு யோசனையும் அவருடையதுதான். "மேல இருந்து பாக்கறது வேற, கீழ இருந்து பாக்கறது வேற சார். நாமளும் பிள்ளைங்களோட பிள்ளையா உக்காருவோம். பாடம் எடுக்கறவங்க நம்மள தம்பி, பாப்பான்னுதான் கூப்பிடணும், அப்பதான் அவங்களுக்குக் கூச்சம் போகும்." அவர்களுக்குக் கூச்சம் போக எனக்கு மானம் போக வேண்டும். இன்று முதல் சோதனைப் பாடம். எடுக்கப்போவது ஒரு மூன்றாமாண்டுப் பெண், அவளோடு படிக்கிறவர்கள் பின்பெஞ்சுகளில் பத்து வயதாக நடித்துக்கொண்டு, நடிப்பே தேவைப்படாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். முடிவை நானும் வட்டமேசையும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும், ஒருவர் தேறவில்லை என்றாலும் தேறவில்லைதான். தேறினால் அந்தப் பெண் அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போய் நிஜப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பாள், இல்லையென்றால் ஓர் ஆண்டு போயிற்று. தேறவில்லை என்று சொல்வதாகக் காலையில் சவரம் செய்யும்போதே முடிவுகட்டிவிட்டேன். அவள் மேல் எனக்கென்ன விரோதம், அவள் முகமே அப்போது எனக்குத் தெரியாது… முதல் ஆளே தேறவில்லை என்றால் கூட்டுப் பயிற்சி கந்தலாகும், என் வகுப்பு என்னிடமே திரும்பி வரும், நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒல்லியான பெண், சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையில் எழுதுகிறாள், மூன்றரையை அரையால் வகு. சரி, மாட்டிக்கொண்டாய். பின்னத்தால் வகுக்கணும்னா அதைத் தலைகீழாத் திருப்பிப்போட்டுப் பெருக்கணும், ஏழு வரும், என்கிறாள், ஏன் திருப்ப வேண்டும், யார் சொன்னது, அதற்கு ஒரு வார்த்தை உண்டா? இல்லை. என் மனதில் தீர்ப்பு தானாக எழுதிக்கொண்டது, காரணமின்றி விதியை ஒப்புவித்தார், கணித அடிப்படை இல்லை. வகுத்தலுக்கும் நேர்மாறு உறுப்புக்கும் உள்ள உறவை நான் அரைப் பக்கத்தில் நிறுவிக் காட்டியிருப்பேன், ஓர் எண்கூட இல்லாமல்… அப்போது அவள் திரும்பி, "இந்தக் கணக்குக்குப் பொருத்தமா வீட்ல நடக்கற மாதிரி ஒரு கதை சொல்லுங்க பாப்போம்" என்கிறாள். பத்து வயதாக நடித்தவர்கள் எல்லாம் குனிந்துகொண்டார்கள். ஒருவன் பென்சிலைக் கடிக்கிறான், வட்டமேசை கண்ணை அகல விரித்துக் குழந்தை மாதிரி விழிக்கிறார், சகிக்கவில்லை. அந்தப் பெண்ணின் பார்வை பெஞ்சு பெஞ்சாக வந்து என்மேல் நின்றது. "தம்பி… நீ… நீங்க சொல்லுங்க தம்பி." பின்னால் யாரோ சிரித்து இருமலாக மாற்றிக்கொண்டார்கள். ஆரம்பப் பள்ளியில் வேலைபார்க்கும் என் மனைவி இதைப் பார்த்திருக்க வேண்டும், நான் எங்கள் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த அன்றைக்கு ரெண்டு பேருமே அழுதுட்டாங்க என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறவள். நான் அழவில்லை, கண்ணில் தூசி. ஒரு கதையா, இந்தா வைத்துக்கொள், கணிதத் துறைக்குக் கதை தெரியாது என்று எவனும் சொல்லக்கூடாது… "எங்க வீட்ல மூன்றரை ரொட்டி இருக்கு டீச்சர். எனக்கும் அண்ணனுக்கும் அம்மா பாதிப்பாதியா பங்கு போட்டுக் குடுக்கறாங்க." டீச்சர் என்ற சொல் தானாக வந்தது, தடுக்க நேரமில்லை.

அவளுக்கு உயிர் வந்துவிட்டது. பலகையில் மூன்று முழு ரொட்டியும் ஓர் அரை ரொட்டியும் வரைந்தாள், ஒவ்வொன்றையும் கால் காலாக வெட்டினாள், பதினான்கு துண்டு, தம்பிக்கு ஒரு பக்கம், அண்ணனுக்கு ஒரு பக்கம், எண்ணச் சொன்னாள், எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள், நானும் எண்ணினேன். ஆளுக்கு ஏழு. "பாத்தீங்களா, விடை ஏழு வந்துடுச்சு. ரொம்ப நல்லா சொன்னீங்க தம்பி." கைதட்டினார்கள். வட்டமேசை எனக்காகத் தனியாக ஒரு முறை தட்டினார். என் காது சூடானது, இத்தனை ஆண்டில் நான் நிறுவிய ஒரு தேற்றத்துக்கும் யாரும் கைதட்டியதில்லை, இருக்கட்டும், தீர்ப்பில் மாற்றமில்லை.

பாடம் முடிந்து மாணவர்கள் வெளியே போனார்கள், அந்தப் பெண் கதவருகில் சுவரோடு சுவராக நின்றாள். நான் ஆணியிலிருந்து கால்சட்டையை விடுவித்துக்கொண்டு தொண்டையைச் செருமினேன். அதற்குள் வட்டமேசை ஆரம்பித்துவிட்டார். "எனக்கு அந்த ரொட்டி இடம்தான் சார் பிடிச்சது. நாங்க மட்டும் உக்காந்திருந்தா அது வந்திருக்காது. உங்க துறையில இருந்து ஒருத்தர் கீழ இறங்கி வந்து உக்காந்ததால வந்துச்சு. அறிக்கைல இதைத்தான் முதல்ல எழுதணும்." இறங்கி வந்து என்ற சொல் எரிச்சலாகவும் இருந்தது, கொஞ்சம் இனிக்கவும் செய்தது. பலகையைப் பார்த்தேன், ரொட்டிகள் இன்னும் அழிக்கப்படவில்லை. எனக்குக் கால் துண்டுகள் உறுத்தின. கணக்கில் அரைதானே இருக்கிறது, கால் எங்கிருந்து வந்தது? மூன்றரையை அரையால் வகு என்றால் மூன்றரையில் எத்தனை அரை இருக்கிறது என்று கேள்வி, மூன்றரை லிட்டர் பாலை அரை லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் ஏழு பாட்டில், சின்னப் பிள்ளைக்குத் தெரியும். நான் சொன்னது இரண்டு பேருக்குப் பங்கு… அது இரண்டால் வகுப்பது. அரையால் இல்லை, இரண்டால். ஆளுக்கு ஒன்றேமுக்கால் ரொட்டி. காலாக வெட்டியதால் ஒன்றேமுக்கால் ஏழு துண்டாகத் தெரிந்தது, அரையாக வெட்டியிருந்தால் அங்கேயே குட்டு உடைந்திருக்கும், ஏழு என்ற எண் மட்டும் எதேச்சையாக வந்து நின்று கூட்டத்தையே ஏமாற்றிவிட்டது. கூட்டத்தை என்ன கூட்டத்தை… நானும்தான் எண்ணினேன்.

முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது, உடனே ஒரு மகிழ்ச்சியும் வந்தது, அதை மறைப்பானேன். இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா? மாணவன் சொன்ன தவறான கதையைச் சரி என்று ஏற்றுக்கொண்ட ஆசிரியை, ஒரே வரி, அவள் ஆண்டும் போயிற்று, கூட்டுப் பயிற்சியும் போயிற்று. வேணும்னே தப்பாச் சொன்னேன், சோதிச்சுப் பாத்தேன் என்று சொன்னால் போதும். சொல்லலாம். சொன்னால் இந்த அம்மா விடுவாரா, எந்த இடத்துல தப்பு சார், பலகைல காட்டுங்களேன் என்பார், காட்ட வேண்டும், காட்டும்போது என் முகத்தைப் பார்ப்பார், முகங்களைப் படிக்கத்தானே அந்தத் துறையே இருக்கிறது. அவரும் இப்போது பலகையைத்தான் பார்க்கிறார்… ரொம்ப நேரமாகப் பார்க்கிறார். தெரிந்திருக்குமோ? தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாரோ, அவருக்குக் கூட்டுப் பயிற்சி வேண்டும், எனக்கு மரியாதை வேண்டும், இரண்டும் அந்த மூன்றரை ரொட்டிக்குள் இருக்கின்றனவோ? இதைத்தான் ஒத்துழைப்பு என்கிறார்களோ? "உங்க முடிவு என்ன சார்?" என்றார், குரலில் ஒன்றும் இல்லை. கதவருகில் அந்தப் பெண் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"குரல் கொஞ்சம் கம்மி," என்றேன். "மத்தபடி தேறியாச்சு."

வட்டமேசை சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா, தெரியவில்லை, துடைப்பானை எடுத்துப் பலகையைத் தாமே அழித்தார், ரொட்டியிலிருந்து தொடங்கி. நான் நடைவழியில் வேகமாகத்தான் நடந்தேன், அந்தப் பெண் ஓடிவந்து பிடித்துவிட்டாள், கண் கலங்கியிருந்தது. "ரொம்ப நன்றி சார். அங்க உங்கள தம்பின்னு கூப்பிட்டதுக்கு மன்னிச்சிக்கங்க. அந்த ரொட்டிக் கதையத்தான் சார் பள்ளிக்கூடத்துல முதல் பாடமா எடுக்கப் போறேன், எங்க கூட இருக்கறவங்களும் எழுதிக்கிட்டாங்க." இப்போது சொல்லிவிடலாம், இங்கே யாரும் இல்லை, பால் பாட்டில் என்று இரண்டே சொல், அது ரொட்டி இல்லைம்மா, பால் பாட்டில்… வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "பாடக்குறிப்புல உங்க பேரைப் போட்டுக்கலாமா சார்?" என்றாள்.

முனைவர் என்பதையும் சேர்த்துப் போடச் சொன்னேன்.