விரல் போன இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி

என் கொழுந்தனை நாலு பேர் பார்க்கத் தலைகுனிய வைக்க வேண்டும் என்பதுதான் ஏழு மாதமாக எனக்கு இருந்த ஒரே ஆசை. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் பல் தேய்க்கும்போதும் அதையேதான் நினைத்தேன், கடையில் உடைந்த கண்ணாடியைச் சூடுகாட்டிப் பிரிக்கும்போதும் அதையேதான் நினைத்தேன்.

நான் ஃபோன் சர்வீஸ் கடையில் டிஸ்ப்ளே மாற்றுகிறவள். கடையை விட்டு வெளியே வந்தால் நான் குளவி. அணிக்கு நாலு பேர் சேர்ந்து ஃபோனில் ஆடும் ஒரு துப்பாக்கி விளையாட்டில் என் பெயர் அது. அதில் பிடித்து அழுத்த ஒரு பட்டன் கிடையாது. வழவழவென்று ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். எங்கே தொட்டால் சுடும், எங்கே தொட்டால் குனியும் என்பது விரலுக்கே மனப்பாடமாகியிருக்க வேண்டும். இடது கட்டைவிரல் நடக்கும், வலது கட்டைவிரல் குறி பார்க்கும், ஆள்காட்டி விரல் இரண்டும் மேலே நண்டுக்கால் மாதிரி வளைந்து நின்று சுடும். மூன்று வருடம் விரல் நுனி காய்த்துப்போகும் அளவுக்கு ஆடி அணிக்குக் கேப்டன் ஆனேன். அணியில் என் கொழுந்தனும் ஒருவன். கட்டைவிரலால் மட்டும் தடவிக்கொண்டிருந்தவனுக்கு அந்த நண்டுப் பிடியைக் காட்டிக்கொடுத்ததே நான்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை விளையாட்டைத் திறந்தால் சிவப்பு எழுத்தில் ஒரு அறிவிப்பு. என் ஐடி நிரந்தரமாக முடக்கப்பட்டது. தானாகக் குறி பார்க்கும் திருட்டு மென்பொருள், ஞாயிறு பிற்பகல் மூன்று பத்துக்கு, என் ஃபோனில் ஏற்றப்பட்டிருக்கிறது. முதல் நாள் சாயங்காலம் ஆடிய ஆட்டத்தில் ஒரு குண்டுகூடத் தப்பவில்லை. கை ராசி என்று நினைத்துப் பூரித்துப் போயிருந்தேன், முட்டாள். விளையாட்டு நிறுவனத்துக்குப் பதினொரு கடிதம் எழுதினேன். பதினொன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது. ஏமாற்றுக்காரர்கள் பட்டியலில் என் பெயரைப் போட்டு ஊருக்கே காட்டினார்கள். குளவி கள்ளக்குளவி ஆனாள். கடைக்கு வருகிறவர்கள்கூட, "அக்கா, அந்த சாஃப்ட்வேர நமக்கும் கொஞ்சம் போட்டுக் குடுங்களேன்" என்று இளித்தார்கள். வாழ்க்கையில் அடுத்தவர் பேனாவைக்கூட எடுத்து வைத்துக்கொண்டதில்லை நான்.

யார் செய்திருப்பார்கள் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நான் குளிக்கப் போனபோது ஃபோன் கொழுந்தன் கையில் இருந்தது. திரையில் எங்கெங்கே தொட்டால் சுடும், குனியும் என்று நான் வைத்திருக்கும் அமைப்பைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்று வாங்கியிருந்தான். அடுத்த வாரம் அணிக்கு அவன் கேப்டன். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பான், மாமியார் நடுவில் வந்து அழுவார், விஷயம் அமுங்கிப் போகும். பேச்சை நிறுத்திவிட்டேன். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. "சாப்பிடறவங்க வந்து சாப்பிடலாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன். தட்டை அவன் முன்னால் கொஞ்சம் சத்தமாகவே வைப்பேன். என் ஃபோனில் போடத் தெரிந்தவன் தன் ஃபோனில் போடாமலா இருப்பான்? அதனால்தான் அதற்குப் பிறகு ஆடிய ஆட்டமெல்லாம் அவனுக்கே ஜெயம் என்று உறுதியாக நம்பினேன். ஒரு நாள் கையும் களவுமாக மாட்டுவான் என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

அந்த நாள் என்னைத் தேடிக்கொண்டு கடைக்கே வந்தது. பெரிய அரங்கில் கொழுந்தன் அணி ஆடும் இறுதிப்போட்டி, ஆட வருகிறவர்களின் ஃபோன்களைச் சோதிக்க ஒரு ஆள் வேண்டும் என்று போட்டி அமைப்பாளர் வந்து நின்றார். எங்கள் முதலாளி என்னைக் கைகாட்டினார். நான்தான் குளவி என்பது அமைப்பாளருக்குத் தெரியாது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணாடி மாற்றிய ஃபோனை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட மாட்டோம். உள்ளே ஒரு செட்டிங் இருக்கிறது; அதைப் போட்டால் விரல் பட்ட இடத்திலெல்லாம் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும், விரல் நகர்ந்தால் புள்ளியும் நகரும். மூலைக்கு மூலை விரலை ஓட்டிப் பார்ப்போம். புள்ளி எங்காவது அறுந்தால் அந்த இடத்தில் டச் செத்திருக்கிறது என்று அர்த்தம்.

"சார், எல்லா ஃபோன்லயும் இதப் போட்டுட்டு ஆடச் சொல்லலாமே" என்றேன். "பெரிய திரையில பாக்கறவங்களுக்கு விரல் எங்க போகுதுன்னு தெரியும். நல்லா இருக்கும்."

"அட, நல்ல யோசனையா இருக்கே. போட்டுடுங்க" என்றார் அவர்.

அவருக்கு அது வேடிக்கை. எனக்கு அது கண்ணி. புள்ளி ஒரு இடத்தில் நிற்க, துப்பாக்கி மட்டும் தானாகத் திரும்பினால் பச்சைக் குழந்தைக்கும் விஷயம் புரிந்துவிடும். வீட்டுக்குப் போய் மாமியாரையும் கணவரையும் நானே அழைத்தேன். "அத்தை, உங்க பிள்ளை ஆடறத நீங்க பாக்க வேணாமா? அவசியம் வரணும்" என்று தேனொழுகச் சொன்னேன். பெற்றவள் கண்ணெதிரே அவன் மூக்குடைபட வேண்டும். அவ்வளவு கெட்ட மனசா உனக்கு என்றால், ஆமாம், அன்றைக்கு அவ்வளவு கெட்ட மனசுதான்.

திட்டத்தைக் கணவரிடம் மட்டும் சொன்னேன். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே வைத்தார்.

"வேணாம்மா. அவன் செஞ்சிருக்க மாட்டான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். விட்டுடேன். ஒரு விளையாட்டுக்குப் போய்..."

"தம்பின்னா உருகுவீங்க. பொண்டாட்டிய நாலு பேரு திருடின்னு சொன்னா உங்களுக்கு அது விளையாட்டு" என்றேன். அவர் மறுபடி துணியை எடுத்து, துடைத்த தட்டையே துடைக்க ஆரம்பித்தார்.

போட்டியன்று காலை பதினொரு மணிக்கு ஆட்டம். நாற்காலிகள் நிரம்பி, ஓரத்தில் நின்றுகொண்டும் பார்த்தார்கள். சோதனை மேசையில் ஒவ்வொரு ஃபோனாக வாங்கி, புள்ளியைப் போட்டு, மூலைக்கு மூலை விரலை ஓட்டித் திருப்பிக் கொடுத்தேன். கொழுந்தன் தன் ஃபோனை நீட்டினான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. உறையைக் கழற்றி, அவன் முகம் தெரியுமளவுக்குக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். தூக்கில் போடப்போகிறவனுக்குத் தலைவாரி விட்ட மாதிரி இருந்தது எனக்கு.

ஆட்டம் தொடங்கியது. பெரிய திரையில் அவன் நாலு விரலும் நாலு வெள்ளைப் புள்ளியாக ஓடின. வலது கட்டைவிரலின் புள்ளியை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நில்லுடா, ஒரு தடவை நில்லு என்று பல்லைக் கடித்தேன். அது நிற்கவில்லை. துப்பாக்கி இடது பக்கம் திரும்பினால் புள்ளி அதற்கு முன்னாலேயே இடது பக்கம் போயிருந்தது. ஒரு குண்டு தப்பியது. இன்னொன்றும் தப்பியது. திருட்டு மென்பொருளுக்குக் குறி தப்பாது என்பது என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்? நடுவில் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அந்த ஒரு நொடி புள்ளிகள் மறைந்தன, துப்பாக்கியும் சும்மா நின்றது. கடைசியில் எதிரணியில் இருவர், எங்கள் அணியில் அவன் ஒருவன். புள்ளி அரைவட்டமாக ஒரு இழு இழுத்தது, இரண்டு பேரும் விழுந்தார்கள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அவ்வளவு சுத்தமான ஆட்டத்தை நான்கூட ஆடியதில்லை.

ஏழு மாதக் கோபத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவன் நேராக என் மேசைக்கு வந்து ஃபோனை வைத்தான். முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் சிரிப்பு. "எப்படி அண்ணி?" என்றான். ஏழு மாதத்தில் அவன் கேட்ட முதல் கேள்வி.

"என் ஃபோன்ல அத ஏண்டா போட்ட?" என்றேன்.

"எத?"

"நடிக்காத. அன்னைக்கு நான் குளிக்கப் போனப்ப ஃபோன் உன் கையிலதான இருந்துச்சு?"

அவன் சிரிப்பு போய்விட்டது. "நீங்க உள்ள போனதுமே அண்ணன் வாங்கிட்டுப் போயிட்டான் அண்ணி. ஏதோ நம்பர் பாக்கணும்னான். நான் பாதிதான் எழுதுனேன்."

"இத்தன நாள் ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே. என்னக் கேப்டனாப் போட்டதுக்குத்தான் பேசாம இருக்கீங்கன்னு நெனச்சேன்."

மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். மாமியார் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார். என் கணவர் எழுந்து, வெளியே போகும் கதவு எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. நான் போய் அவர் முன்னால் நின்றேன். அவரே ஆரம்பித்தார்.

"ஆபீஸ்ல ஒருத்தன் சொன்னான்மா. அதப் போட்டா ஐடிய ரெண்டு நாள் நிறுத்தி வெப்பாங்க, அவ்ளோதான்னு. சத்தியமா ரெண்டு நாள்தான்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்தா நீ அந்தக் கண்ணாடிய விட்டு நிமிர்ந்து பாக்கறதே இல்ல. நானும் ஒரு மனுஷன் எதிர்ல உக்காந்திருக்கேன்."

அதில் உண்மை இருந்தது. இருந்ததால்தான் இன்னும் அதிகமாக எரிந்தது. நிமிர்ந்து பார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மனுஷன்.

"ஏழு மாசம்" என்றேன். "உங்க தம்பிய நான் பகையாளியாப் பாத்தேன். அதப் பாத்துக்கிட்டே மூணு வேளையும் சாப்பிட்டீங்க."

"சொன்னா நீ என்ன விட்டுப் போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு இழுத்துப்போனேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்த அமைப்பாளரிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லி மைக்கை வாங்கினேன். அதை என் கணவர் கையில் திணித்தேன்.

"வீட்டுல போய்ப் பேசிக்கலாம்மா" என்றார் மெதுவாக.

"என்னத் திருடின்னு வீட்டுக்குள்ளயா சொன்னாங்க?"

மாமியாரின் கைகள் தட்டுவதற்குத் தூக்கிய நிலையிலேயே நின்றன. கொழுந்தன் என் மேசைப் பக்கத்தில் நின்று அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். என் கணவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார்.

"நான் குளவியோட வீட்டுக்காரன்" என்று முனகினார். "அவ ஃபோன்ல அத... நான்தான்..."

"சத்தமா" என்றேன். "கடைசி வரிசைக்குக் கேக்கல."