வடிகட்டிய சுக்குக் காப்பி

ஐப்பசி பிறந்ததும் எங்கள் தெருவில் ஆண்கள் கரையத் தொடங்குவார்கள். அதற்காகத்தான் நாங்கள் சுக்குக் காப்பி போடுகிறோம். சுக்கு, மல்லி, மிளகு, நாலு துளசி இலை, கருப்பட்டி. காலையில் ஒரு தம்ளர். அடியில் தங்கும் சக்கையோடு குடிக்க வேண்டும். ஆளைப் பிடித்து வைப்பது அந்தச் சக்கைதான்.

என் வீட்டுக்காரருக்குச் சக்கை ஆகாது. "தொண்டையில சிக்குது, வடிவு. வடிகட்டிக் குடு" என்பார். இருபத்தாறு வருஷமாக முடியாது என்றே சொல்லிவந்தேன். இந்த வருஷம் அவர் கேட்ட விதம் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. வடிகட்டினேன். சக்கையைக் கொல்லையில் கருவேப்பிலைச் செடிக்குப் போட்டேன்.

"இப்பத்தான் காப்பி மாதிரி இருக்கு" என்று சிரித்தார். தினமும் வடிகட்டினேன்.

நாலாம் நாள் சுண்டுவிரல் நகங்கள் போயின. எட்டாம் நாள் செருப்பு பெரிதாகிவிட்டது. அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியைத் துடைத்து, துணியைத் தனி வாளியில் பிழிந்து வைத்தேன். சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டுப் புஷ்பம் மதினி வந்து வாளியைப் பார்த்தாள்.

"ஏ வடிவு, வடிகட்டினியா?"

"ஆசையாக் கேட்டாக, மதினி."

"எங்க வீட்டு ஆளு தெனம் ஆசையா பிராந்தி கேக்காரு. குடுத்துட்டனா? முழுசா இருக்காரு பாரு, தண்டத்துக்கு."

அன்றே சக்கையோடு கொடுத்தேன். அதற்குள் அவர் என் முழங்கால் உயரம் ஆகியிருந்தார். தொண்டையும் சிறுத்துவிட்டது. கரண்டியால் ஊட்டினேன். சக்கை உள்ளே போகாமல் தாடையில் வழிந்தது.

"விடு வடிவு. நீ வடிகட்டினது நல்லா இருந்துச்சு" என்றார்.

பதினேழாம் நாள் நாற்காலியில் ஈரம் மட்டும் இருந்தது. அதையும் துடைத்துப் பிழிந்தேன். வாளி நிறைந்தது. கொசு முட்டையிடும் என்று தட்டு போட்டு மூடினேன். மூடிய பிறகு அவருக்கு மூச்சு முட்டுமோ என்று கொஞ்சம் திறந்து வைத்தேன்.

மறுநாள் காலை கொல்லையில் கருவேப்பிலைச் செடி இருமியது. அவருடைய இருமல்தான். காப்பியைக் கொண்டுபோய் வேரருகே சாய்த்தேன்.

"சிக்குது, வடிவு" என்றது செடி. "வடிகட்டிக் குடு."

உள்ளே போய் வடிகட்டியை எடுத்தேன். இனிமேல் சக்கையை எங்கே போடுவது என்றுதான் தெரியவில்லை.